மருதத்தில் ஒரு சிறுத்தை

நுழையும்முன்

நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விலங்கையும் பறவையையும் மரத்தையும் கருப்பொருளாகச் சொன்னது தமிழ் மரபு. புலவர்கள் வரைந்த அந்த எல்லைகளை விலங்குகள் அறியா. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊருக்குள் வேட்டை விலங்கு ஒன்று வந்துவிட்டால் என்ன செய்வது? கொட்டிலில் நிற்கும் ஆட்டையும் வாசலில் படுத்திருக்கும் நாயையும் எவ்வாறு காப்பது? வழிதவறி வந்த விலங்கின் உயிருக்கு யார் பொறுப்பு? காவிரிப் படுகையில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஊருக்குள் வந்த விருந்தாளி

2024 ஏப்ரல் 2. மயிலாடுதுறை நகரில் செம்மங்குளம் பகுதியில், இரவு நேரத்தில் சிறுத்தை ஒன்று நடமாடியதை மக்கள் கண்டனர். முதலில் பலர் நம்பவில்லை. பெரிய நாயாக இருக்கலாம் என்றனர் சிலர். காட்டுப்பூனையாக இருக்கலாம் என்றனர் வேறு சிலர். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியும் மண்ணில் பதிந்த காலடித் தடங்களும் ஐயத்தைப் போக்கின. வந்தது சிறுத்தையே.

நெல்வயல்களுக்கு நடுவிலுள்ள அந்த நகருக்கு இது முற்றிலும் புதிய அனுபவம். பள்ளிகள் சிலவற்றுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. மாலையானதும் தெருக்கள் வெறிச்சோடின. மலைப்பகுதிகளில் பணியாற்றிப் பழகிய வனப்பணியாளர்கள் வரவழைக்கப்பட்டனர். தானியங்கிக் கேமராக்கள் மரங்களில் கட்டப்பட்டன, கூண்டுகள் வைக்கப்பட்டன, உடல் வெப்பத்தை உணரும் கருவி பொருத்திய டிரோன்கள் புதர்களின்மேல் பறந்தன. தேடுதல் நகரத்திலிருந்து குத்தாலம் பகுதிக்கு நகர்ந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்துச் செந்துறையில் சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி வந்தது. அங்கும் கேமராவில் அதன் உருவம் பதிந்தது. மயிலாடுதுறையில் வைத்த கூண்டுகளில் சிறுத்தை சிக்கவில்லை. அதனால் மனித உயிர் எதுவும் பலியாகவில்லை என்பதே இந்நிகழ்வின் பெரிய ஆறுதல்.

பிடிபடாமலேயே சென்றுவிட்ட அந்தச் சிறுத்தை, நம்மிடம் சில வினாக்களை விட்டுச் சென்றது.

புலியும் சிறுத்தையும்

புலியைக் குறிஞ்சி நிலத்துக்குரிய விலங்காகச் சொல்கிறது நம் மரபு. மருதத்துக்கு உரியவை எருமையும் நீர்நாயும். சோழரின் கொடியில் புலி பொறிக்கப்பட்டிருந்தாலும், அவர்களது நெல்நாட்டின் வயல்வெளியில் புலி வாழவில்லை. அவ்வாறிருக்க, பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த பெருவிலங்கு ஒன்று மருதத்துக்கு எப்படி வந்தது?

இதற்கு விடை காண, முதலில் சிறுத்தையின் இயல்பை அறிய வேண்டும். புலி வாழப் பெருங்காடும் மான் முதலிய பெரிய இரைவிலங்குகளும் தேவை. சிறுத்தைக்கு அத்தகைய நிபந்தனைகள் குறைவு. எலி, நண்டு, முயல், குரங்கு, பன்றி, நாய், ஆடு, மான் என எது கிடைத்தாலும் உண்டு வாழும் ஆற்றல் அதற்கு உண்டு. பகலில் மறைந்திருக்க ஒரு புதர்க்காடோ பாறையிடுக்கோ போதும். கரும்புத் தோட்டமும் மூங்கில் கொல்லையும்கூட அதற்கு இருப்பிடம் ஆகலாம். தனித்தே வாழும், இரவிலேயே பெரும்பாலும் நடமாடும். இளஞ்சிறுத்தைகள் தாயைவிட்டுப் பிரிந்ததும் தமக்கென ஓர் எல்லையைத் தேடி நெடுந்தொலைவு செல்லும். அப்பயணத்தில் அவை ஊர்களையும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் கடக்க நேரிடும்.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 13,874 சிறுத்தைகள் உள்ளன. தமிழ்நாட்டில் 2018இல் 868 ஆக மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, 2022இல் 1,070 ஆக மதிப்பிடப்பட்டது.

தெரிந்து தெளிவோம்
சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் ஒன்றல்ல. சிறுத்தையின் உடலில் உள்ள புள்ளிகள் பூவிதழ் வட்டம்போல அமைந்திருக்கும். சிவிங்கிப்புலியின் உடலில் நிறைந்த கரும்பொட்டுகள் இருக்கும். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்த்தடம்போலக் கருங்கோடு இறங்கும். சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் மீண்டும் விடப்பட்டது.

ஆறுகளே வழிகள்

வரைபடத்தில் காவிரிப் படுகையைப் பாருங்கள். அகன்ற கையின் விரல்கள்போல ஆறுகள் கிழக்கு நோக்கி விரிகின்றன. காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என ஆறுகளும், அவற்றிலிருந்து பிரியும் எண்ணற்ற வாய்க்கால்களும் ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. நமக்கு அவை நீர் தரும் வழிகள். நீர் குறைந்த கோடையில் ஒரு விலங்குக்கு அவை நடைபாதைகள்.

மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் காலம் வழக்கமாக சூன் 12இல் தொடங்கிச் சனவரி 28இல் முடிகிறது. அதன்பின் வாய்க்கால்கள் வறள்கின்றன. கொள்ளிடத்தின் அகன்ற மணற்பரப்பில் நாணலும் கோரையும் சீமைக்கருவேலும் அடர்ந்து நிற்கின்றன. அவற்றின் மறைவில், மனிதக் கண்களில் படாமலேயே ஒரு விலங்கு ஊர் ஊராகக் கடந்து செல்ல முடியும். மயிலாடுதுறையில் காணப்பட்ட சிறுத்தையைத் தேடியவர்கள் வாய்க்கால் கரைகளையும் ஆற்றோரப் புதர்களையும் முதன்மையாகத் தேடியது இதனால்தான்.

கோடையில் இரையும் எளிதில் கிடைக்கிறது. சம்பா, தாளடி அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடைகள் போடப்படுகின்றன. தெற்கிலிருந்து வரும் கீதாரிகள் தம் மந்தைகளைத் திறந்த வயலில் இரவு முழுவதும் அடைத்து வைப்பர்; ஆட்டின் சாணமும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகும். மேய்ச்சல் வாத்துகளும் உதிர்ந்த நெல்மணிகளைத் தேடி வயல் வயலாகச் செல்லும். நூற்றாண்டுகளாக நிலவும் இவ்வுறவு நெல்நாட்டின் அழகுகளுள் ஒன்று. ஆயினும் வேட்டை விலங்கின் கண்ணுக்கு, காவலற்ற கிடை என்பது பரிமாறப்பட்ட இலை.

எதைத் தேடி வருகிறது?

சிறுத்தை மனிதரைத் தேடி ஊருக்குள் வருவதாகவே பலரும் அஞ்சுகின்றனர். ஆய்வுகள் காட்டும் உண்மை வேறு.

மகாராட்டிர மாநிலத்தின் அகோலே பள்ளத்தாக்கு காவிரிப் படுகையைப்போலவே வேளாண்மை நடைபெறும் நிலம். அங்குக் காடு இல்லை. கரும்பு வயல்கள் உண்டு. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்குமேல் வாழ்கின்றனர். வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் அங்குத் தானியங்கிக் கேமராக்களை வைத்து ஆராய்ந்தனர். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள் அங்கு வாழ்வது தெரியவந்தது. ஊர்மக்களில் பலரும் அறியாமலேயே அவை அருகில் வாழ்ந்துவந்தன.

அவை எதை உண்டன என்பது அடுத்த வினா. சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை உண்ட இரையின் எடையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகளே என்று கண்டறிந்தனர். அவற்றுள் நாய்களின் பங்கு 39 விழுக்காடு. பூனைகளின் பங்கு 15 விழுக்காடு. ஆடுகளின் பங்கோ 11 விழுக்காடுதான். வியப்பு என்னவெனில், அப்பகுதியில் நாய்களைவிட ஆடுகளே ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதி. அவ்வாறிருந்தும் ஆடுகள் ஏன் குறைவாக இரையாயின? இரவில் ஆடுகள் கொட்டிலில் அடைக்கப்பட்டன. நாய்கள் தெருவில் திரிந்தன. ஆடுகளைக் காத்தது அந்தக் கொட்டிலின் கதவு என்றே கொள்ளலாம்.

இந்த ஒரு செய்தியில் முழுப்பாடமும் அடங்கியிருக்கிறது. சிறுத்தை எளிதில் கிடைப்பதை எடுக்கிறது. எளிதில் கிடைக்காதவாறு நாம் செய்துவிட்டால், அது தன் வழியில் சென்றுவிடுகிறது.

கொட்டிலும் கூடும்

கூலிவேலை செய்து வாழும் குடும்பத்துக்கு ஆடு என்பது வெறும் விலங்கு அன்று. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும், திடீர் மருத்துவச் செலவாகவும், பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் புத்தாடையாகவும் மாறக்கூடிய சேமிப்பு அது. ஓர் இரவில் இரண்டு ஆடுகள் இறந்தால் அக்குடும்பம் ஓராண்டு பின்தங்கிவிடும். எனவே வனவிலங்கைக் காப்போம் என்று சொல்பவர்கள், ஆட்டைக் காக்கும் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இரவில் ஆடுகளையும் கன்றுகளையும் மரத்தடியில் கட்டிவைத்தல் கூடாது. நான்கு பக்கமும் சுவரோ வலுவான கம்பிவலையோ அமைந்த கொட்டிலில் அடைக்க வேண்டும். வேலி மட்டும் போதாது. சிறுத்தை தாவவும் ஏறவும் வல்லது. ஆளுயரச் சுவரும் அதற்குத் தடையன்று. ஆகவே மேற்புறமும் மூடப்பட வேண்டும். ஓலைக்கூரையானால், அதன் அடியில் கம்பிவலை விரிக்கலாம். கதவில் இடைவெளி இருத்தல் ஆகாது. உள்ளே புகுந்த சிறுத்தை வெளியேற முடியாமல் மிரண்டால், ஒன்றைக் கொல்ல வந்தது பலவற்றைக் கொன்றுவிடும்.

வயலில் கிடைபோடுவோர், சிறுத்தை நடமாட்டம் உள்ள நாள்களில் ஊரை ஒட்டிய இடத்தில் கிடையை அமைப்பது நன்று. புதரும் நாணலும் மண்டிய கரையை ஒட்டி அமைத்தல் தீது. ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருத்தல், விளக்கொளி, அவ்வப்போது எழுப்பும் குரல் ஆகியன மந்தைக்குக் காவலாகும்.

வீட்டு நாயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காவலுக்காக வாசலில் சங்கிலியால் கட்டப்பட்ட நாய், சிறுத்தை வரும் இரவில் தப்பி ஓடவும் முடியாது. எதிர்த்து நிற்கவும் முடியாது. நம்மைக் காக்கும் என்று நாம் நம்பிய உயிரை, நாமே இரையாகக் கட்டிவைத்தவர் ஆவோம். ஆகவே இரவில் நாயை வீட்டுக்குள்ளோ மூடிய கூட்டிலோ வைத்தல் வேண்டும். பூனைக்கும் கோழிக்கும் இதுவே பொருந்தும்.

வளர்ப்பு விலங்கைப் பாதுகாப்பதில் தடுப்பூசிக்கும் இடம் உண்டு. வெறிநாய்க்கடி நோய் நாயிடமிருந்து நரிக்கும், நரியிடமிருந்து நாய்க்கும் பரவக்கூடியது. 2018இல் குசராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் பல இறந்தபோது, நாய்களைத் தாக்கும் ஒருவகை நச்சுயிரி அவற்றின் உடலில் கண்டறியப்பட்டது. நம் நாய்க்கு இடும் ஊசி, காட்டு விலங்கின் உயிரையும் காக்கிறது.

குப்பைமேடும் வேட்டைநிலமும்

கொட்டிலைப் பூட்டுவது ஒவ்வொரு வீட்டின் கடமை. ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய கடமையும் ஒன்று உண்டு. இறைச்சிக் கடைக் கழிவும் திருமண மண்டபங்களில் மிஞ்சிய உணவும் பல ஊர்களில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோதான் கொட்டப்படுகின்றன. அவற்றை உண்ண நாய்களும் பன்றிகளும் கூடுகின்றன. அவை கூடுமிடத்தைத் தேடிச் சிறுத்தை வருகிறது. ஆற்றை அழுக்காக்கும் அதே குப்பை, வேட்டை விலங்குக்கு விருந்தழைப்பாகவும் அமைகிறது.

மும்பை நகரின் நடுவே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா உள்ளது. ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அக்காட்டைச் சுற்றிலும் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. சிறுத்தையின் தாக்குதல்கள் ஒருகாலத்தில் அங்குப் பெருந்துயரை விளைவித்தன. வனத்துறையும் ஆய்வாளர்களும் பொதுமக்களும் இணைந்து 2011இல் விழிப்புணர்வு இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். குப்பையை அகற்றுதல், இரவில் குழந்தைகளைத் தனியே அனுப்பாதிருத்தல், காவல்துறையினருக்கும் செய்தியாளர்களுக்கும் பயிற்சியளித்தல் என்பனவே அவர்கள் கைக்கொண்ட வழிகள். சிறுத்தைகள் அங்கு இன்றும் உள்ளன. மக்களும் உள்ளனர்.

பிடித்துவிட்டால் போதுமா?

‘சிறுத்தையைப் பிடித்து எங்கேனும் காட்டில் விட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது’ என்பது நம் முதல் எண்ணம். மகாராட்டிரத்தின் சுன்னர் பகுதியில் இவ்வெண்ணம் சோதனைக்கு உள்ளானது. ஊர்களுக்கருகே பிடிபட்ட சிறுத்தைகளை வேறு இடங்களுக்குக் கொண்டுசென்று விட்டனர். 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல், இடமாற்றம் தொடங்கியபின் ஆண்டுக்கு 17 ஆக உயர்ந்தது. அறிமுகமற்ற நிலத்தில் விடப்பட்ட விலங்கு, தன் பழைய எல்லையைத் தேடி அலையும். அவ்வலைச்சலில் மனிதரை எதிர்கொள்ளும். காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து சேரும்.

சிறுத்தையைப் பிடிக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. கட்டடத்துக்குள் சிக்கிக்கொண்டாலோ மனித உயிருக்குத் தொடர்ந்து இடர் விளைவித்தாலோ பிடித்தே ஆக வேண்டும். 2024 சூன் மாதத்தில் திருப்பத்தூர் நகருக்குள் புகுந்து ஒருவரைக் காயப்படுத்திய சிறுத்தையை வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர். எனினும், கூண்டு இறுதி மருந்து. முதல் மருந்து அன்று.

கூட்டமே பெரும் இடர்

சிறுத்தை மனிதரைக் கண்டால் ஒதுங்கவே விரும்பும். நாற்புறமும் கூட்டம் சூழ்ந்து, கல்லெறிந்து, கைப்பேசியில் படமெடுக்க முயலும்போதுதான் அச்சத்தில் பாய்கிறது. ஆகவே சிறுத்தை வந்திருப்பதாக அறிந்தால், அவ்விடத்தைவிட்டு அகன்று, வனத்துறைக்கும் காவல்துறைக்கும் தெரிவித்து, அது வெளியேற வழிவிடுவதே அறிவுடைமை. எதிர்பாராமல் நேருக்கு நேர் கண்டால் ஓடுதலும் குனிதலும் கூடா. ஓடுவது இரையின் இயல்பு. குனிந்த மனிதனின் உருவம் சிறு விலங்கின் உருவத்தை ஒத்திருக்கும். நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, உரத்துக் குரல்கொடுத்தவாறே மெல்லப் பின்வாங்க வேண்டும். இரவில் வயலுக்குச் செல்வோர் கைவிளக்குடன், இருவர் மூவராகப் பேசிக்கொண்டே செல்லலாம்.

வதந்தியும் ஒரு கூட்டமே. எங்கோ எடுத்த படத்தை நம் ஊர்ப் படமாகப் பரப்புவது, வனத்துறையினரைத் தவறான திசையில் அலையவிடும். தடத்தைக் கொண்டு ஓரளவு நாமே தெளியலாம். நாய், நரி ஆகியவற்றின் காலடித்தடத்தில் நகக்குறி காணப்படும். பூனைக் குடும்பத்து விலங்குகள் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால், அவற்றின் தடத்தில் நகக்குறி பெரும்பாலும் இராது. தடம் சிறிதாயின் அது வெருகு எனப்படும் காட்டுப்பூனையாகலாம்.

மருதத்தின் சொந்தப் பிள்ளைகள்

சிறுத்தை வந்து சென்ற விருந்தாளி. மருதத்தில் என்றும் வாழும் வேட்டை விலங்குகளும் உண்டு. வயல் எலிகளை உண்ணும் நரியும் வெருகும், ஆற்றில் மீன்பிடிக்கும் நீர்நாயும் இம்மண்ணுக்கு உரியவை. 1967இல் அமைக்கப்பட்ட கோடியக்கரை வனவிலங்கு உய்விடத்தில் நரிகளை இன்றும் காணலாம். ஒரு கோழி காணாமற்போன சினத்தில் இறைச்சியில் நஞ்சு கலந்து வைப்போர் உளர். அந்நஞ்சு நரியோடு நிற்பதில்லை. நாயையும் கழுகையும் கீரியையும் கொல்கிறது. பின்னர் எலிகள் பெருகி, வயலில் நெற்கதிரை வெட்டுகின்றன. கோழிக்கூட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தால் நேர்ந்திராத இழப்பு அது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறுத்தையை முதல் அட்டவணையில் சேர்த்து உயரிய பாதுகாப்பை வழங்குகிறது. வனவிலங்கால் கால்நடையை இழந்தோருக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது; அதற்கு இறந்த விலங்கின் உடலை அகற்றுமுன் வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். சட்டமும் இழப்பீடும் தேவையே. அவற்றுக்கும் முன்னால் நிற்பது, அந்தி சாய்ந்ததும் நாம் அடைக்கும் கொட்டில் கதவு. அக்கதவு ஆட்டைக் காக்கிறது. ஆட்டை இழந்தவனின் சினத்திலிருந்து சிறுத்தையையும் காக்கிறது. ஒரே தாழ்ப்பாள், இரண்டு உயிர்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இரவில் கால்நடைகளும் வளர்ப்பு விலங்குகளும் எவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன என்பதைக் கண்டறிந்து, மேம்படுத்தும் வழிகளைக் குறிப்பாக எழுதுக.
2. ‘வனவிலங்கைப் பிடித்து இடமாற்றுவதே தீர்வு’ என்னும் தலைப்பில் வகுப்பில் ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் பகுதிப் பெரியவர்களிடம் நரி, வெருகு, நீர்நாய் பற்றிக் கேட்டறிந்து, அன்றும் இன்றும் எனும் பொருளில் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.
4. ஆற்றங்கரையில் கழிவு கொட்டுவதைத் தடுக்கக் கோரி, உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.